‘விருந்தினர்’ என்று அழைத்தால் போதுமா? புலம்பெயர் தொழிலாளர் முகாம் சொல்லித் தந்த 6 விஷயங்கள்

வேலைக்காக ஊரை விட்டு வந்தவர் என்றதும் நம் மனசுல வர்ற படம் ஒண்ணுதான். தோளில் ஒரு பை, கையில் ஒரு பக்கெட், சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கும் வடமாநில இளைஞர். ஆனா தென்காசியிலிருந்து வந்து ஓஎம்ஆர் பி.ஜி.யில் தங்கி, தீபாவளிக்கு ட்ரெய்ன் டிக்கெட் கிடைக்காம அல்லாடுறவரும் வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்தானே?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவுக்குள்ளேயே இடம்பெயர்ந்து வாழ்பவர்கள் 45 கோடிக்கும் மேல். கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்கள் இதில் பெரும்பங்கு. வேலை தேடி மாநில எல்லையைத் தாண்டுகிறவர்களும் குறைவில்லை. 2011 முதல் 2016 வரை ஆண்டுக்குச் சராசரியாக 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் போனதாக 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டது.

அப்போ ஐ.டி. கம்பெனியில் சேர வந்தவருக்கும் அந்த பக்கெட் இளைஞருக்கும் என்ன வித்தியாசம்? ஐ.டி.காரர் கையில் ஆஃபர் லெட்டர், பி.எஃப். நம்பர், வாடகை அக்ரிமென்ட் இருக்கு. சம்பளம் வரலைன்னா ஹெச்.ஆருக்கு மெயில் போடலாம். அந்த இளைஞரிடம் இருப்பது ஒரு ஃபோன் நம்பர் மட்டும். அவரைக் கூட்டிட்டு வந்த ஏஜென்ட்டின் நம்பர்.

அந்த ஒரு நம்பரும் ஸ்விட்ச் ஆஃப் ஆனால் என்ன நடக்கும் என்பதை 2020-ல் நாடே பார்த்தது. மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் அறிவித்தார். 4 மணி நேரத்தில் ஊரடங்கு. மார்ச் 29 அன்று, தொழிலாளர்களை இருக்கும் இடத்திலேயே தங்கவைத்து, தற்காலிகத் தங்குமிடமும் உணவும் கொடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. பள்ளிக்கூடங்களும் சமுதாயக் கூடங்களும் முகாம்களாக மாறின. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், சென்னையில் அப்படியொரு பள்ளிக்கூட முகாமில் சில வாரங்கள் தன்னார்வலராக இருந்தேன். அங்கே தினம் தினம் வந்தது சின்னச் சின்னப் பிரச்சினைகள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்தால், பின்னாடி செயல்படாத ஒரு சட்டமோ திட்டமோ வந்து நின்றது. அந்த வாரங்களைப் பற்றி இப்போ எழுதக் காரணமும் அதுதான்.

1. முதல் கேள்வி: “சார்ஜர் இருக்கா?”

முகாமுக்கு வர்றவங்க முதலில் கேட்பது சாப்பாடுன்னு நினைப்போம். எங்கள் முகாமில் அதிகம் கேட்கப்பட்டது சார்ஜர். ஒரு வகுப்பறையில் 2 பிளக் பாயின்ட், 30 பேர். கரும்பலகையில் வரிசையா பேர் எழுதி, ஆளுக்கு முக்கால் மணி நேரம்னு பிரிக்க வேண்டியிருந்தது.

ஏன் இவ்வளவு அவசரம்? வீட்டில் அம்மாவிடம் உயிரோடு இருப்பதைச் சொல்ல ஃபோன் வேண்டும். பாக்கிச் சம்பளம் கேட்க, ஊருக்கு பஸ் விடுறாங்களான்னு தெரிஞ்சுக்க, அரசு உதவிக்கு விண்ணப்பித்து ஓ.டி.பி. வாங்க, எல்லாத்துக்கும் அதே ஃபோன். சார்ஜ் இல்லாத ஃபோன் என்றால், அடையாளமே இல்லாத ஆள் மாதிரி. அரிசி, பருப்பு, சோப்பு என்று நிவாரணப் பட்டியல் போடும்போது எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் 50 ரூபாய் ரீசார்ஜையும் யாரும் சேர்ப்பதில்லை. அடுத்த வெள்ளமோ புயலோ வரும்போதாவது சேர்க்கணும்.

2. ‘ஹிந்திக்காரங்க’ என்று ஒரு கூட்டம் இல்லை

நம்ம ஊர் வழக்கத்தில் விந்திய மலைக்கு அந்தப் பக்கம் இருக்குற எல்லாரும் ‘ஹிந்திக்காரங்க’தான். ஆனால் ஒரே வராண்டாவில் போஜ்புரி, மைதிலி, ஒடியா, வங்காளம், அசாமி, சந்தாலி பேசுகிறவர்கள் இருந்தார்கள். ஒடிசாவின் உள்கிராமத்திலிருந்து வந்த ஒருவருக்கு ஹிந்தி அறிவிப்பு பாதிதான் புரியும். நேபாளத்திலிருந்து வந்தவருக்கு ஆதாரே கிடையாது. எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட படிவங்களோ ஆங்கிலத்தில் இருந்தன.

முகாமை ஓட்டியது யார் தெரியுமா? மூணு நாலு வருஷமா கட்டட வேலையில் இருந்து, தமிழ் பேசக் கத்துக்கிட்ட பசங்க. “அண்ணா, இவனுக்குக் காய்ச்சல் அண்ணா”ன்னு ஓடி வந்து சொல்வாங்க. ‘சித்தாள், கலவை, சாரம்’ என்று வேலைத்தளத்துத் தமிழ் அவங்களுக்கு அத்துப்படி. தமிழ்நாட்டில் இருந்துகிட்டு தமிழ் கத்துக்க மாட்டேங்கிறாங்க என்ற புகாரை சோஷியல் மீடியாவில் அடிக்கடி பார்க்கிறோம். அவங்க நம்ம மொழியைக் கத்துக்கிட்டாங்க. நம்ம ஆஸ்பத்திரிப் பலகையும் போலீஸ் ஸ்டேஷன் படிவமும்தான் அவங்க மொழியை இன்னும் கத்துக்கல.

3. சாப்பாடு போடுவது வேறு, சமைக்க விடுவது வேறு

தினமும் சாம்பார் சாதம், தயிர் சாதம், லெமன் சாதம்னு பொட்டலம் வரும். நல்ல சாப்பாடுதான். இருந்தும் நாலாவது நாள் பொட்டலங்கள் மீந்தன. ‘கொடுக்குறதைச் சாப்பிடத் தெரியலையே’ன்னு முணுமுணுப்பு எழுந்தது. இதே ஆட்கள்தானே, டெல்லிக்கு டிரிப் போனால் மூணாவது நாளே இட்லி கிடைக்குமான்னு தேடுறோம்?

பிறகு அரிசி, கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, பருப்பு, வெங்காயம், எண்ணெய் என்று கொடுத்து, அவர்களையே சமைக்கச் சொன்னோம். முகாமின் முகமே மாறிப்போச்சு. வேலை இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் காய் நறுக்கினார்கள். பீகார்காரர் ரொட்டி சுட, ஒடிசாக்காரர் மீந்த சோற்றில் தண்ணி ஊற்றி வைத்தார். அவங்க ஊரில் அதுக்குப் பேர் ‘பகாள’. நம்ம பழைய சோறேதான்! வெங்காயமும் பச்சை மிளகாயும் கடிச்சுக்கிறது வரைக்கும் அதே.

வரிசையில் தட்டேந்தி நிற்பது, சம்பாதித்துச் சாப்பிட்ட ஒருவருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பதை முகாமில்தான் நேரில் பார்த்தேன். கையை நீட்ட வெட்கப்பட்டு, கடைசி ஆளாக வந்து நிற்பவர்களில் பலர் வயதில் பெரியவர்கள்.

4. “உங்க முதலாளி யாரு?” பதில் தெரியாத கேள்வி

பதிவேட்டில் ‘வேலை கொடுத்தவர்’ என்று ஒரு கட்டம். முகாமில் காலியாகவே இருந்த கட்டம் அதுதான். ஏஜென்ட்டின் முதல் பெயர் தெரியும், நம்பர் தெரியும். எந்த கம்பெனிக்காக வேலை செய்தோம் என்பது பலருக்குத் தெரியாது. கட்டிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய அபார்ட்மென்ட்டாக இருந்தாலும் சரி.

இதில் என்ன கொடுமை என்றால், இதற்கான சட்டம் 1979-லேயே வந்துவிட்டது. மாநிலங்களுக்கு இடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம். அதன்படி ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஃபோட்டோ ஒட்டிய பாஸ்புக்கை ஒப்பந்தக்காரர் கொடுக்கணும். வேலை, இடம், சம்பளம் எல்லாம் அதில் இருக்கணும். அதுவும் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில். போக வர பயணப்படி தரணும். ஊரை விட்டு வந்ததற்காக இடப்பெயர்வுப் படி தனி. ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால், வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனமே கொடுக்கணும்.

அப்படிப்பட்ட பாஸ்புக் ஒன்றைக்கூட எங்கள் முகாமில் நான் பார்க்கவில்லை. பாஸ்புக் இல்லாததால் ஒருவர் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததால் பாக்கிச் சம்பளத்தைக் கேட்க வழியில்லை. சிலர் சின்ன நோட்டில் தேதி போட்டு ஹாஜர் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தார்கள்.

மார்ச் 29 உத்தரவிலேயே, ஊரடங்கு நாட்களுக்கும் பிடித்தம் இல்லாமல் சம்பளம் கொடுக்கணும், ஒரு மாசத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று இருந்தது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின. மே மாதம் அந்தச் சம்பள உத்தரவு வாபஸ் ஆனது. யாரிடம் கேட்பது என்றே தெரியாதவர்களுக்கு அந்த உத்தரவு இருந்தும் ஒன்றுதான், போயும் ஒன்றுதான்.

‘உதவி’ என்ற பெயரில் நாம் கொடுத்த அரிசிப் பையைவிட, அவர்களுக்கு வரவேண்டிய பாக்கி பல மடங்கு அதிகம். நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்லும் பேனர் முகாம் வாசலில் தொங்கியது. பாக்கி வைத்தவர்களைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

5. “சோறு கிடைக்குதே, அப்புறம் ஏன் ஊருக்குப் போகணும்?”

அப்போது எல்லா டீக்கடை விவாதத்திலும் வந்த கேள்வி இது. முகாம்களை நன்றாக நடத்தியதாகப் பேசப்பட்ட கேரளத்திலேயே, மார்ச் 29 அன்று கோட்டயம் மாவட்டம் பாயிப்பாட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் ஊருக்கு அனுப்பச் சொல்லித் தெருவில் இறங்கினார்கள். மே 8 அன்று மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அருகே, சொந்த ஊரான மத்தியப் பிரதேசத்துக்கு நடந்துபோன 16 பேர் களைத்துத் தண்டவாளத்தில் தூங்கும்போது சரக்கு ரயில் ஏறி இறந்தார்கள்.

சோறு இருந்தும் ஏன் போகணும்? ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அறுவடை நேரம். வட்டிக்கு வாங்கிய முன்பணம். செத்தாலும் ஊர்ல சாகணும் என்ற பயம். இதில் எது நமக்குப் புரியாதது? அதே மாதங்களில் சென்னையிலிருந்து சொந்த ஊருக்கு இ-பாஸ் வாங்கக் கால்கடுக்கக் காத்திருந்த நம்மில் பலருக்கு இது புரியாமலா போகும்?

முகாமில் கற்ற இன்னொரு விஷயம், “நாளைக்கு ட்ரெய்ன் வரும்” என்ற பொய்யைவிட, “இன்னும் தெரியல, தெரிஞ்சதும் காலையில 9 மணிக்கு இங்கேயே சொல்றோம்” என்ற பதில் ஆட்களை அமைதிப்படுத்தியது. ‘தெரியல’ என்பதும் ஒரு தகவல்தான். அந்தத் தகவலையும் கொடுக்காதபோது வாட்ஸ்அப் வதந்தி வந்து உட்காருகிறது.

2023 மார்ச்சில் அதன் விலையைத் தமிழ்நாடு பார்த்தது. பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூர் போன்ற தொழில் நகரங்களிலிருந்து தொழிலாளர்கள் பயந்து ரயில் ஏறினார்கள். தமிழ்நாடு காவல்துறை ஹிந்தியிலும் விளக்கம் கொடுத்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. பொய்யை மறுத்தது சரி. ஆனால், ஒரு வீடியோவைப் பார்த்ததும் பெட்டியைக் கட்டுகிற அளவுக்கு ஒருவர் ஏன் பயத்திலேயே வாழ்கிறார்? பக்கத்து வீட்டுக்காரரோ, வார்டு கவுன்சிலரோ, போலீஸோ, ‘இது உண்மையா?’ன்னு கேட்க அவருக்கு இங்கே ஒருவராவது இருந்திருந்தால்?

6. நம் கண்ணில் படாத பெண்களும் பிள்ளைகளும்

புலம்பெயர் தொழிலாளர் என்றால் ஆண் என்றே எல்லாரும் திட்டமிடுகிறார்கள். ஆண்களுக்கான முகாமில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தபோது பால் இல்லை, நாப்கின் இல்லை, தாழ்ப்பாள் உள்ள குளியலறையும் இல்லை. தாழ்ப்பாள் போட ஒரு தச்சரைத் தேடவே ஒரு நாள் ஆனது.

திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவின் பலாங்கீர் மாதிரியான மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் வர்றவங்க குடும்பம் குடும்பமாக வர்றாங்க. முன்பணம் குடும்பத்துக்கே கொடுக்கப்படுகிறது. வேலையும் குடும்பத்துக்கே. பிள்ளைகளின் பள்ளி வருஷம் நடுவில் அறுந்துபோகிறது. சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியாவிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கும் முயற்சிகள் இங்கே நடந்திருக்கின்றன. நல்ல விஷயம். அது ஒரு திட்டத்தின் தயவில் நிற்காமல், பள்ளிக் கல்வியின் வழக்கமான வேலையாக மாறணும்.

சரி, இப்போ என்ன மாறியிருக்கு?

மாற்றமே இல்லைன்னு சொல்ல முடியாது.

• ரேஷன்: 2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ நடைமுறையில் இருக்கு. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கார்டு உள்ளவர், கைரேகை வைத்து இங்கேயே தானியம் வாங்கலாம். ஊரில் உள்ள குடும்பம் மீதியை அங்கே வாங்கிக்கொள்ளலாம். 2021 ஜூன் 29 தீர்ப்பில் எல்லா மாநிலமும் இதைச் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது.

• பதிவு: 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்ட அமைப்புசாரா தொழிலாளர்கள் பதிவு செய்திருக்காங்க. 2020-ல் இப்படியொரு பட்டியலே கிடையாது. ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, தரவு இல்லை என்றே மத்திய அரசு பதில் சொன்னது.

• சட்டம்: 2025 நவம்பர் 21 அன்று 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1979 சட்டம் அதில் ஒன்றுக்குள் போய்விட்டது. ஏஜென்ட் இல்லாமல் தானே வந்து வேலைக்குச் சேர்ந்தவரும் இப்போ புலம்பெயர் தொழிலாளர்தான். இது முன்னேற்றம். ஆனால் இடப்பெயர்வுப் படி காணாமல் போச்சு. முன்பு 5 புலம்பெயர் தொழிலாளர் இருந்தாலே சட்டம் பொருந்தும். இப்போ 10 பேர் வேணும்.

• வாக்கு: வெளியூரில் இருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க ஒரு இயந்திரத்தை 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் அறிவித்தது. எந்தத் தேர்தலிலும் அது இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. வேலை செய்யும் ஊரில் ஓட்டு இல்லை, ஓட்டு இருக்கும் ஊருக்குப் போக லீவு இல்லை. இவர்களைப் பற்றிக் கவலைப்பட எந்தக் கட்சிக்கும் அவசரம் இல்லாததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

‘விருந்தினர்’ என்ற சொல்லில் என்ன சிக்கல்?

கேரளத்தில் ‘அதிதி தொழிலாளி’ என்கிறார்கள். 2020-ல் தமிழ்நாட்டிலும் ‘விருந்தினர் தொழிலாளர்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. மீம்களில் வரும் கேவலமான சொற்களோடு ஒப்பிட்டால் இது ஆயிரம் மடங்கு மேல். அந்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை.

ஆனா யோசிச்சுப் பாருங்க. விருந்தாளியை நாம் நல்லா கவனிப்போம். அது நம் பெருந்தன்மை. விருந்தாளி நம்மிடம் கணக்குக் கேட்க மாட்டார். ரெண்டு நாளில் கிளம்பியும் விடுவார். மெட்ரோ தூண் எழுப்பியவரும், திருப்பூரில் பனியன் தைப்பவரும், நம்ம ஹோட்டலில் பரோட்டா போடுபவரும் வருஷக்கணக்கில் இங்கே இருக்காங்க. விருந்து சாப்பிட வந்தவங்க கிடையாது. சம்பளமும் பாதுகாப்பும் அவங்களுக்கு நாம் காட்டும் பெருந்தன்மையும் கிடையாது.

‘எங்க ஊர்ல எங்களுக்கே வேலை இல்லையே’ என்ற ஆதங்கம் நியாயமானதுதான். குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதால் உள்ளூர்க்காரரின் பேரம் பேசும் பலம் குறைகிறது என்பதும் பல இடங்களில் உண்மை. ஆனால் அதைச் சரிசெய்யும் வழி, வந்தவரை விரட்டுவதா? அவருக்கும் குறைந்தபட்சக் கூலி கட்டாயம் கிடைத்தால், குறைந்த கூலிக்காகவே ஆள் இறக்கும் லாபம் முதலாளிக்குப் போய்விடும். அவர் உரிமையைக் காப்பது நம் கூலியைக் காப்பதும்தான். 1960-களில் பம்பாயில் தென்னிந்தியர்கள் வேலையைப் பறிப்பதாகச் சொல்லி நடந்த அரசியலில் அடி வாங்கியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அந்தக் கதையைத் தாராவித் தமிழர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

நாம என்ன செய்யலாம்?

அடுத்த பேரிடர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே செய்யக்கூடியவை:

• உங்க அபார்ட்மென்ட் அசோசியேஷனோ ஆபீஸோ செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் வேலையை ஏஜென்சிக்குக் கொடுத்திருந்தால், அடுத்த மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “இவங்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதைக் காட்ட முடியுமா?”

• ரேஷன் பற்றித் தெரியாதவருக்கு 14445, இ-ஷ்ரம் பற்றிக் கேட்க 14434 என்ற உதவி எண்களைச் சொல்லுங்க. ‘மேரா ராஷன்’ செயலியையும் காட்டுங்க. உங்களுக்கு ரெண்டு நிமிஷம்தான்.

• வீடு கட்டுறீங்களா? கட்டட வேலை செய்பவர் எந்த மாநிலத்தவரானாலும் நலவாரியத்தில் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு 90 நாள் வேலை செய்ததற்கான சான்று அதற்குத் தேவை. உங்கள் ஒப்பந்தக்காரரை அதைக் கொடுக்கச் சொல்லுங்க.

• ‘வடக்கன் பண்ணத பாருங்க’ன்னு வீடியோ வந்தால் ஃபார்வர்ட் பட்டனை அமுக்கும் முன், எந்த ஊர், எந்தத் தேதின்னு ஒருமுறை தேடுங்க.

அரசு செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. மாவட்டத்துக்கு ஓர் இடத்திலாவது ஒடியா, வங்காளம், ஹிந்தி தெரிந்த ஆள் உட்கார்ந்து சம்பளப் புகாரை வாங்கி ரசீது கொடுக்கணும். முதன்மை நிறுவனத்தின் பெயரை வேலைத்தள வாசலில், தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதி வைக்கச் செய்யணும். இதுக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஒரு பலகையும் ஒரு ஆளும் போதும். அந்தப் பதிவேட்டுக் கட்டம் அடுத்த முறை காலியாக இருக்காது.